அடித்த வார்த்தை: தடுப்பூசி போட்ட சிறுமிக்கு வந்த ரணஜன்னி

குழந்தைகள் நலப் பிரிவில் நான் பணியில் இருந்த ஒரு நாளில் தொடங்கிய நிகழ்வு இது. நோயாளியையோ குடும்பத்தையோ மருத்துவமனையையோ அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இங்கே இல்லை. சிகிச்சை முடிந்து குழந்தை நன்றாக இருக்கிறாள். இடையில் வரும் பகுதிகள் படிக்கச் சுகமாக இருக்காது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

எட்டு வயதுச் சிறுமி. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, 14 மாதத் தம்பி. இடது காதைத் தவிர அவளுக்குப் பெரிதாக எந்த உபாதையும் இருந்ததில்லை. அந்தக் காது ஐந்து வயதிலிருந்தே தொல்லை. சளி பிடித்தால் சீழ் வடியும், சொட்டு மருந்து விட்டால் நிற்கும், சில வாரங்களில் மறுபடி வடியும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, வளர்ந்தபின் அறுவை செய்து அடைத்துக்கொள்ளலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று ஆண்டுகளில் குறைந்தது ஐந்தாறு தடவை அந்தக் காதுக்காக மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவளுடைய தடுப்பூசி அட்டையை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது என்பதும் புரிகிறது. காதில் சீழ் என்றால் நம் மனம் செவித்திறனுக்குப் போகும், மூளைக்குப் பரவுமோ என்ற பயத்துக்குப் போகும். டெட்டனஸுக்கு, அதாவது ரணஜன்னிக்குப் போகாது.

காது அரித்தால் கைக்குக் கிடைத்த குச்சியை விட்டுக் குடைவது அவள் வழக்கம். நோய் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் வெளியே விளையாடும்போது அப்படிக் குடைந்து, காதிலிருந்து லேசாக ரத்தம் வந்திருக்கிறது. திட்டுவார்கள் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. இது எங்களுக்குத் தெரிந்தது, அவள் மறுபடி வாய் திறந்து பேசத் தொடங்கிய பிறகுதான்.

முதல் இரண்டு நாள்

முதல் நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவள் மெல்ல முடியவில்லை என்றாள். வாய் பாதிதான் திறந்தது. இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பார்த்த மருத்துவர், பல்லடியில் சீழ் கட்டியிருக்கலாம், அதனால்தான் தாடை இறுகியிருக்கிறது என்று நினைத்து அமாக்சிசிலினும் வலி மருந்தும் எழுதிக் கொடுத்தார். தாடை இறுகுவதற்குப் பல் மிக வழக்கமான காரணம். சொத்தைப் பல்லும் கண்ணெதிரே இருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

இரண்டாம் நாள் இரண்டு தடவை வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாலையில் வேறோர் இடத்தில் மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது. அந்த ஊசிதான் மறுநாள் எங்களைத் திசை திருப்பியது.

அவசரப் பிரிவில், மூன்றாம் நாள் காலை

காலை 7.30 மணி. தகப்பன் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து பின்னால் விறைத்திருந்தது. முதுகு வலிக்கிறது என்றாள். இடது கண்ணை முழுதாக மூட முடியவில்லை. வாய் வலது பக்கம் இழுத்திருந்தது, அதாவது இடது முக நரம்பு செயலிழந்திருந்தது. காதில் நாற்றத்தோடு சீழ். காய்ச்சல் 37.8 டிகிரி. நாடி 128. நினைவு முழுத் தெளிவு. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டே.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்தக் கடைசி வரி ஒன்றே போதும். அன்று என் முன்னால் நான்கு சாத்தியங்கள் இருந்தன.

முதலாவது, மெட்டோகுளோப்ரமைடு தரும் தசை முறுக்கம். குழந்தைகளிடம் இது அடிக்கடி வருவதுதான். கழுத்து கோணும், நாக்கு வெளித்தள்ளும், கண் மேலே செருகும். முந்தைய மாலை ஊசி, மறுநாள் காலை விறைப்பு என்ற கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாவது, மூளைக்காய்ச்சல். சீழ்க் காது, காய்ச்சல், கழுத்து விறைப்பு, முக நரம்புச் செயலிழப்பு நான்கும் சேர்ந்து வந்தால் அதை ஒதுக்கவே கூடாது. மூன்றாவது, ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் இசிவு. நான்காவதாக ‘ரணஜன்னி?’ என்று கேள்விக்குறியோடு எழுதினேன்.

எழுதிவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: “தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கீங்களாம்மா?”

“எல்லாமே போட்டாச்சு டாக்டர். ஒண்ணும் விடல.”

“சமீபத்துல எங்கயாவது காயம், ஆணி, முள் ஏதாவது குத்திச்சா?”

“இல்ல டாக்டர்.”

உடல் முழுதும் பார்த்தேன். கால் விரலிடுக்குவரை பார்த்தேன். காயமே இல்லை. நான்காவது சாத்தியத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் ‘தடுப்பூசி முழுமை, காயம் இல்லை’ என்று எழுதினேன். நேரம் காலை 8.05.

எழுதிய இரண்டுமே தவறு. காயம் இருந்தது, சீழுக்குப் பின்னால். தடுப்பூசி முழுமையாக இல்லை. அதை நான் அட்டையில் பார்க்கவில்லை, ஒரு தாயின் வாய்ச்சொல்லில் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, அவர் நினைவில் எல்லாம் போட்டாயிற்றுதான்.

அடுத்த ஒன்பது மணி நேரம்

புரோமெதசின் கொடுத்தோம். மருந்தால் வந்த முறுக்கமாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். தளரவில்லை. நாக்கு வெளித்தள்ளவில்லை, கண்ணும் செருகவில்லை. அப்போதே அந்தச் சாத்தியத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். ‘இன்னும் ஒரு தவணை கொடுத்துப் பார்க்கலாம்’ என்று ஒரு மணி நேரத்தை அதிலேயே கழித்தோம்.

கால்சியம் சரியாக இருந்தது. தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் அறைக் கதவு பலமாகச் சாத்தியபோது அவள் உடல் வில்லாக வளைந்து சில நொடி அப்படியே நின்றது. கூட வந்த செவிலியர் அதைக் குறித்து வைத்தார். நான் பயத்தில் திடுக்கிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கேனில் மூளை நன்றாக இருந்தது. காதுக்குப் பின்னுள்ள எலும்பில் மட்டும் சீழின் அடையாளம். மதியம் முதுகுத்தண்டு நீர் எடுத்தோம். குழந்தையை மடக்கிப் பிடிக்கவே முடியவில்லை, முதுகு பலகை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பில் எழுதியிருக்கிறோம். நீர் பளிங்குபோல வந்தது. அணுக்கள் இல்லை, புரதமும் சர்க்கரையும் சரி.

மூன்று சாத்தியங்களும் விழுந்த பிறகும் அடித்த வார்த்தையிடம் நான் திரும்பிப் போகவில்லை. மூளை அழற்சியாக இருக்குமோ, அரிய நரம்பு நோயாக இருக்குமோ என்று புதியவற்றைத் தேடத் தொடங்கியிருந்தேன். ஒருமுறை நம் கையாலேயே அடித்ததை மறுபடி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாலை 4 மணிக்குத் துறைத் தலைமை மருத்துவர் வந்தார். கட்டிலருகே நின்று, கோப்பைத் திறக்காமல், அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டார்.

“வாய் இறுகினது எப்போம்மா? அந்த வாந்தி ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடியே டாக்டர். முந்தாநாள் காலையிலயே மெல்ல முடியலைன்னா.”

மரத்தாலான நாக்கு அழுத்தும் பட்டையை எடுத்துத் தொண்டையின் பின்சுவரை மெல்லத் தொட்டார். மற்றவர்களுக்குக் குமட்டும், பட்டையை வெளியே தள்ளப் பார்ப்பார்கள். அவள் தாடை படீரென்று மூடிப் பட்டையைக் கடித்துக்கொண்டது. விடுவிக்கச் சில நொடிகள் ஆயின. இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். 1995இல் வெளிவந்த, 400 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வில், ரணஜன்னி இருந்தவர்களில் 94 சதவீதம் பேரிடம் இது சரியாகக் காட்டியது. நோய் இல்லாதவர்கள் ஒருவரிடமும் தவறாகக் காட்டவில்லை. எனக்கு அது தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன்.

“இவங்க தடுப்பூசி போட்டிருக்காங்க சார்” என்றேன். அட்டை வீட்டில் இருந்தது. கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வரட்டும், பாக்கலாம். ஆனா அட்டையில என்ன எழுதியிருந்தாலும் இப்போ செய்யப்போறது ஒண்ணுதான்” என்றார்.

நேரம் 4.35. கோப்பில் பழைய கோட்டை அழிக்கவில்லை. அதன் கீழே தேதியும் நேரமும் இட்டு, ‘ரணஜன்னி; தலைப்பகுதியில் தொடங்கிப் பரவியது; இடது காது வழி’ என்று எழுதினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கிருமியின் பெயர் குளோஸ்ட்ரிடியம் டெட்டானி. மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் வித்தாகக் கிடக்கும். கொதிநீருக்கு அசையாது, 121 டிகிரி அழுத்த நீராவி வேண்டும். காற்றுப் புகாத, இறந்த திசு உள்ள இடம் கிடைத்தால் முளைக்கும். மற்றக் கிருமிகள் பிராணவாயுவை உறிஞ்சிவிட்ட சீழ்க் காது அதற்குத் தோதான இடம். அங்கே இருந்துகொண்டு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு தசையை இயக்கும் நரம்பின் நுனியில் ஏறி, நரம்போடு பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்தையும் மூளைத்தண்டையும் அடையும். அங்கே தசைகளுக்குக் கடிவாளம் போடும் நரம்பணுக்கள் கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களை வெளியிடாமல் தடுத்துவிடும். கடிவாளம் அறுந்தபின் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். தாடைக்குப் போகும் நரம்பு குட்டையானது, ஆகவே நஞ்சு அங்கேதான் முதலில் வந்து சேரும். மூளையின் சிந்திக்கும் பகுதியைத் தொடாது. அதனால்தான் ஒவ்வொரு இசிவையும் குழந்தை முழு நினைவோடு அனுபவிக்கிறது.

தலையில் உள்ள காயத்தின் வழி வரும் வகையில் முக நரம்பு செயலிழப்பதும் உண்டு. ஒரு பக்கம் தொய்வு, தாடையில் இறுக்கம் என்ற இந்த முரண்தான் என்னை மூளைக்காய்ச்சல் பக்கம் தள்ளியது.

முதலில் டயசிபாம் கொடுத்து அவளை அமைதிப்படுத்தினோம், ஏனென்றால் ஊசி குத்துவதே இசிவைத் தூண்டும். எதிர்ப்பொருள் அளவு பார்க்க ரத்தம் எடுத்து வைத்தோம். அதன் பிறகே மனித டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின், அதாவது நஞ்சை முறிக்கும் ஆயத்த எதிர்ப்பொருள், 500 அலகு தொடைத் தசையில். வரிசை முக்கியம். இம்யூனோகுளோபுலின் உள்ளே போனபின் எடுக்கும் ரத்தம் அவளுடைய எதிர்ப்பொருளைக் காட்டாது, நாம் கொடுத்ததைத்தான் காட்டும். இந்த மருந்து ரத்தத்தில் மிதக்கும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். நரம்புக்குள் ஏறிவிட்ட நஞ்சை எதுவும் இறக்காது. அந்த நரம்பு நுனிகள் புதிதாகத் துளிர்க்கும்வரை வாரக்கணக்கில் உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

அதே மாலையில் எதிர்ப்பக்கக் கையில் டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசியும் போட்டோம். நோய் வந்திருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் கேட்டார். நல்ல கேள்வி. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கு அந்த நோய்க்கு எதிர்ப்பு உண்டாவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு அவ்வளவு சொற்பம். உடலின் எதிர்ப்பு மண்டலம் அதைக் கவனிப்பதே இல்லை. தடுப்பூசி போடாமல் அனுப்பினால் இதே நோய் மறுபடி வரலாம்.

கிருமிக்கு மெட்ரோனிடசோல், பத்து நாள். பென்சிலினும் கிருமியைக் கொல்லும், ஆனால் அது காபாவின் வேலையைக் குலைக்கும் தன்மை கொண்டது. நஞ்சு செய்யும் வேலையை மருந்தும் செய்ய வேண்டாம் என்று அதைத் தவிர்த்தோம்.

காதைச் சுத்தம் செய்வதை உடனே செய்யவில்லை. புண்ணைக் கிளறினால் புதிதாக நஞ்சு ரத்தத்தில் கலக்கலாம், ஆகவே இம்யூனோகுளோபுலின் பரவச் சில மணி நேரம் விட்டோம். இரவு 11 மணிக்கு மயக்க மருந்தோடு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். செவிப்பறை ஓட்டைக்கு உட்பக்கம், சீழில் ஊறிக் கறுத்துப்போன குச்சித் துண்டு ஒன்று. அரை சென்டிமீட்டர்கூட இராது.

சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி வளர்ந்தது, டெட்டனஸ் கிருமி வளரவில்லை. ஆச்சரியமில்லை. நோய் உறுதியானவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வளர்ப்பில் அகப்படாது. ரணஜன்னி என்பது கண்ணால் பார்த்து முடிவு செய்யும் நோய், ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்கும் நோயில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது நாள்

இருட்டறை. கதவில் துணி சுற்றினோம், கருவிகளின் மணியோசையைக் குறைத்தோம், பார்க்கும் வேலைகளையெல்லாம் ஒரே வேளையில் சேர்த்துச் செய்தோம். அம்மா மட்டும் பக்கத்தில், தொடாமல், மெல்லப் பேசிக்கொண்டு. செவிலியர்கள் செய்த இந்த வேலையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. எத்தனை இசிவுகளை அது வராமல் செய்தது என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. முதல் இரவில் வந்த இசிவு 14, மறுநாள் இரவில் 6.

ஐந்தாம் நாள் அதிகாலையில் குரல்வளை இறுகியது. ஆக்சிஜன் அளவு 60க்குக் கீழே போயிற்று. தசைத் தளர்த்தி கொடுத்துக் குழாய் செலுத்தினோம். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எட்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். இசிவைத் தளர்த்த மக்னீசியம் சல்பேட் சொட்டாக ஓடியது. முழங்கால் அனிச்சை மறைகிறதா என்று மணிக்கொரு தடவை தட்டிப் பார்த்து அளவை ஏற்றி இறக்கினோம். இரண்டாம் வாரத்தில் நாடியும் ரத்த அழுத்தமும் தறிகெட்டு ஆடின. ஒரு மணி நேரத்தில் நாடி 170, அடுத்த மணியில் 80. இசிவு குறைந்துவிட்டது என்று குடும்பம் ஆறுதல் அடையும் நேரத்தில்தான் இந்தக் கட்டம் வரும். தானியங்கி நரம்புகளையும் நஞ்சு தொடுவதால் வருவது அது. முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம்.

பதினான்காம் நாளிலிருந்து தளர்வு தெரிந்தது. இருபத்திரண்டாம் நாள் பொதுப் பிரிவுக்கு மாறினாள். இருபத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு. நடை கொஞ்சம் விறைப்பு, இடது கண் இன்னும் முழுதாக மூடவில்லை. மூன்று மாதத்தில் இரண்டும் சரியாயின.

அட்டை சொன்னது

மருத்துவமனையில் சேர்த்த அன்று இரவே அட்டை வந்தது. நான்காய் மடித்து, ஓரம் நைந்து. 6, 10, 14 வாரங்களில் போட வேண்டிய மூன்று தவணைகளுக்கும் தேதி இருந்தது. இரண்டாம் வயதில் போட வேண்டிய ஊக்குவிப்புத் தவணைக் கட்டம் காலி. அன்று காய்ச்சல் இருந்ததால் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் வீடு மாறினார்கள். ஐந்து வயதுக்கான கட்டமும் காலி. அதை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைப் பருவத்துக்கும் வளரிளம் பருவத்துக்கும் ஆறு தவணை சொல்கிறது: கைக்குழந்தையாக இருக்கும்போது மூன்று, பின்பு 12 முதல் 23 மாதத்துக்குள், 4 முதல் 7 வயதுக்குள், 9 முதல் 15 வயதுக்குள் ஒவ்வொன்று. முதல் மூன்று மட்டும் போட்டால் காப்பு ஏறத்தாழ மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுதான். இவளுக்குக் கடைசி ஊசி போட்டு எட்டு ஆண்டு ஓடிவிட்டது.

ஆக, ‘தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ரணஜன்னி’ என்ற தலைப்பு சரியா? பாதி சரி. என் கோப்பில் ‘முழுமை’ என்று எழுதியது நிச்சயம் தவறு.

மூன்று வாரம் கழித்து எதிர்ப்பொருள் முடிவு வந்தது. மில்லிலிட்டருக்கு 0.04 அலகு. எலைசா என்ற ரத்தச் சோதனை முறையில் 0.1க்கு மேல் இருந்தால் காப்பு உண்டு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நஞ்சை நேரடியாகச் செயலிழக்கச் செய்து பார்க்கும் முறையில் 0.01 போதும். குறைந்த அளவுகளில் எலைசா உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. எனவே 0.04 என்பது ‘கொஞ்சம் இருந்தது, போதவில்லை’ என்று படிக்கத் தகுந்த எண், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம்தான் அவளைக் காப்பாற்றியதா? ஓரளவு எதிர்ப்பு உள்ளவர்களுக்கு நோய் மிதமாக வருவதாகப் பல அனுபவங்கள் இருக்கின்றன. ஆனால் எட்டு நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தையைக் காட்டி ‘மிதமாக வந்தது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு காரணங்களையும் பார்த்தோம். எச்.ஐ.வி இல்லை, இம்யூனோகுளோபுலின் அளவுகள் சரி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் எடுத்ததில்லை. மிஞ்சுவது, போட்ட ஊசியின் தரம். டெட்டனஸ் ஊசியில் நச்சொடுக்கிய நஞ்சு ஓர் அலுமினிய உப்பில் ஒட்டி இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூட்டில் கெடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் இதற்குப் பெரிய எதிரி உறைதல். உறைந்தால் அலுமினியத் துகள்கள் கட்டிகட்டியாகி ஊசி வலுவிழக்கும். குப்பியைக் குலுக்கி வைத்தால் சீக்கிரம் அடியில் படிந்துவிடுவதைக் கண்டு அதைத் தெரிந்துகொள்ளலாம். எட்டு வருடத்துக்கு முந்தைய குப்பியை இப்போது யார் குலுக்குவது? எல்லாத் தவணையும் போட்டு, எதிர்ப்பொருளும் போதிய அளவு இருந்தும் ரணஜன்னி வந்தவர்களைப் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. அரிது, மிக அரிது. ஆனாலும் அந்த அரிதுக்காகவே, எதிர்ப்பொருள் அளவைக் காட்டி நோயை இல்லை என்று சொல்லக் கூடாது.

குடும்பத்தோடு பேசியது

குழந்தை வென்டிலேட்டரில் இருந்த நாளில் பாட்டி என்னிடம் கேட்டார்: “ஊசி போட்டும் வந்துடுச்சேப்பா. அப்புறம் எதுக்கு அந்த ஊசி?” பக்கத்தில் நின்ற தகப்பன் எதுவும் சொல்லவில்லை. சின்னவனுக்கு இனி எதுவும் போட வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தது பிறகு தெரிந்தது.

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தூக்கமில்லாத நேரம். ‘இரண்டு தவணை விட்டுவிட்டீர்கள்’ என்று அட்டையைக் காட்டினேன். அம்மா அழத் தொடங்கினார். உண்மைதான், ஆனால் அந்த உண்மையை அந்த நேரத்தில் அப்படிச் சொன்னது, என் ஒன்பது மணி நேரத்தை அவர் தலையில் இறக்கி வைத்ததுபோல ஆயிற்று.

நான்கு நாள் கழித்து உட்கார்ந்து பேசினோம். முதலில் என் தாமதத்தைச் சொன்னேன். காலையிலேயே எழுதிவிட்டு அடித்ததையும் சொன்னேன். மருந்தை முன்னதாகக் கொடுத்திருந்தால் வென்டிலேட்டர் தேவைப்பட்டிருக்காதா என்று தகப்பன் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தில் சுரந்த நஞ்சைத் தடுத்திருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார்.

அதன் பிறகு தடுப்பூசி. இந்த ஊசி கிருமியை விரட்டுவதில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். தட்டம்மை ஊசியோடு ஒப்பிட்டுத்தான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். ரணஜன்னி ஊசி கிருமிக்கு எதிரானதல்ல, நஞ்சுக்கு எதிரானது. 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நஞ்சை முறிக்கும் பொருள் ரத்தத்தில் உண்டாவதைக் காட்டினார்கள். 1920களில் ரமோன் ஃபார்மலினும் சூடும் கொண்டு நஞ்சின் பல்லைப் பிடுங்கி ஊசியாக்கும் வழியைக் கண்டார். அதே வழிதான் இன்றும். ஊசி போட்ட குழந்தையின் காதிலும் கிருமி குடியேறும், வளரும். நஞ்சு ரத்தத்துக்கு வரும்போது காவலாள் இருக்கிறானா, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. வருடம் ஆக ஆகக் காவலாட்கள் குறைவார்கள். ஊக்குவிப்புத் தவணை ஆள் சேர்ப்பது. இன்னொன்று: இந்த நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, மண்ணிலிருந்து வருகிறது. ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டாலும் போடாத குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவனவன் ஊசி அவனவனுக்கு.

“அப்போ சின்னவனுக்கு அடுத்தது எப்போ?” என்று அம்மா கேட்டார்.

பிறகு மாற்றியவை

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் ‘தடுப்பூசி: ஆம் / இல்லை’ என்று இருந்த வரியை எடுத்துவிட்டோம். இப்போது ‘டெட்டனஸ்: எத்தனை தவணை, கடைசித் தேதி, அட்டையில் பார்த்ததா வாய்ச்சொல்லா’ என்று கேட்கிறது. நிரப்ப அரை நிமிடம் கூடுதல். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது.

தாடை இறுகி வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் பட்டைச் சோதனை, தடுப்பூசி விவரம் கேட்பதற்கு முன்பே. காயம் தேடும்போது காது, பல், தொப்புள், பழைய கட்டுகளுக்கு அடியில் என்று இடம் குறித்துப் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தோலோடு நிறுத்துவதில்லை. நாள்பட்ட சீழ்க் காதோடு வரும் குழந்தைகளின் அட்டையைக் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே பார்த்துவிடுகிறார்கள். அழுக்கான காயத்துக்குக் கடைசித் தவணை ஆகி ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் ஊசி, சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டு என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அதை ஓயாது வடியும் காதோடு சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் பழகவில்லை.

மாற்ற விரும்பாதது ஒன்றும் உண்டு. மூளைக்காய்ச்சலைத் தேடியதும் முதுகுத்தண்டு நீர் எடுத்ததும் தவறு என்று எங்கள் கலந்தாய்வில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காதோடு, அந்தக் கழுத்தோடு வந்த குழந்தைக்கு அதைத் தேடாமல் விடுவது பெரிய ஆபத்து. அதைத் தேடிக்கொண்டே இதற்கும் மருந்து கொடுத்திருக்கலாம், அதுதான் என் தவறு.

தொடர்ச்சி

சிறுமிக்கு இரண்டாவது தவணை ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறு மாதம் கழித்து. காது உலர்ந்திருக்கிறது, செவிப்பறையை அடைக்கும் அறுவைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். தம்பிக்கு 18 மாதத்தில் ஊக்குவிப்புத் தவணை போட்டாயிற்று, அன்று அவனுக்கும் லேசாக மூக்கொழுகல்தான். அதற்காகத் தள்ளிப் போடவில்லை.

மூன்றாவது தவணைக்கு வந்தபோது பாட்டியும் கூட வந்திருந்தார். பேத்தியின் அட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இதெல்லாம் போட்டதே இல்லையேப்பா. போட்டிருந்தாலும் எனக்கு ஞாபகமில்ல” என்றார். அவர் வயதில் இருப்பவர்களில் பலருக்கு இதுதான் நிலை. பெரியவர்கள் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் தவணை அன்றே போட்டார்கள். தேதி எழுதிய அட்டையை நான்காக மடித்துப் பேத்தியின் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.